மகள் பேசும் மழைக்காலம்



ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே நம்மை எழுப்பிவிடுகிறது. தலை ஆடிக்கு அழைத்துவரப்பட்ட புதுப்பெண்கள் தாய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதே நாட்களில் ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும், எல்லை தாண்டி நேபாளத்திலும், பெண்கள் ஒரு திருவிழாவுக்குத் தயாராகிறார்கள். மழைக்காலத்துத் திருவிழா. பெண்களே முன்னின்று நடத்தும் திருவிழா. அதன் பெயர் தீஜ். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தீஜ் என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் என்ன வருகிறது? சிவப்புச் சேலை, மருதாணிக் கை, கணவனின் ஆயுளுக்காகச் சொட்டுத் தண்ணீர்கூடப் பருகாத விரதம். மொழிமாற்றுத் தொடர்கள் நமக்குக் காட்டியது அவ்வளவுதான். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மறுபாதியில் கணவனைத் தேடினாலும் கிடைக்கமாட்டான். அங்கே தாய் இருக்கிறாள், உடன்பிறந்தவன் இருக்கிறான், தோழி இருக்கிறாள், ஊஞ்சல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. அந்த மறுபாதிக்குள் உங்களை அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். வருகிறீர்களா?

முதலில் மழையைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடுகிறது. ராஜஸ்தானின் மேற்கு மூலையைப் போய்ச் சேர ஜூலை இரண்டாம் வாரம் ஆகிவிடுகிறது. ஜெய்சால்மரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் ஏழில் ஒரு பங்குதான். மார்ச் தொடங்கி வெயில், புழுதி, அனல்காற்று. கிணற்றில் கயிறு எட்டாது. அப்படிக் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் ஓர் அதிசயம் நடக்கும். மணலுக்கடியிலிருந்து சின்னஞ்சிறு சிவப்புப் பூச்சிகள் வெளியே வரும். தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். ராஜஸ்தான் கிராமத்துப் பிள்ளைகள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பூச்சிக்கும் அங்கே தீஜ் என்றே பெயர். நாம் அதைத் தம்பலப்பூச்சி என்கிறோம். முல்லை நிலத்துச் செம்மண் வழியில் அது ஊர்வதைப் பார்த்த சங்கப் புலவர்கள் ஈயல் மூதாய் என்று பாடினார்கள். மழை வந்துவிட்டது என்று மண்ணே அனுப்பும் சேதி அது.

அந்தச் சேதி வந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தீஜ்கள் வருகின்றன. வடநாட்டுச் சிராவண மாதத்து வளர்பிறைத் திருதியையில் ஹரியாலி தீஜ். எங்கும் பச்சை படர்ந்திருக்கும் நேரம். பதினைந்து நாள் கழித்துத் தேய்பிறைத் திருதியையில் கஜரி தீஜ். இன்னும் பதினைந்து நாளில், பாத்ரபத மாதத்து வளர்பிறைத் திருதியையில் ஹர்தாலிகா தீஜ். அதற்கு மறுநாள்தான் நம் வீட்டுக்குப் பிள்ளையார் வருகிறார். ஒரு மழைக்காலத்துக்கு மூன்று திருதியைகள். ஒன்று ஊஞ்சலுக்கு, ஒன்று பாட்டுக்கு, ஒன்று நோன்புக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறாரான பிரிவினை இல்லை. மூன்றிலும் மூன்றும் உண்டு. பேச்சு வசதிக்காகச் சொல்கிறேன்.

ஊஞ்சலில் தொடங்குவோம்.

ஜெய்ப்பூருக்குப் போனால் ஹரியாலி தீஜின் ராஜ கோலத்தைப் பார்க்கலாம். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727இல் எழுப்பிய நகரம் அது. தீஜ் மாலையில் திரிபோலியா வாசலிலிருந்து தீஜ் மாதா பல்லக்கில் புறப்படுவாள். யானை, ஒட்டகம், குதிரை, வாத்தியக்காரர்கள், ஆட்டக்காரர்கள் சூழ ஊர்வலம். மறுநாளும் அவள் வருவாள். கடைத்தெரு மாடிகளெல்லாம் பெண்களால் நிறைந்திருக்கும். உடலெங்கும் சாய்ந்தோடும் அலைக்கோடுகள் கொண்ட லஹரியா சேலைகள். பார்த்தால் சாய்ந்து பெய்யும் மழையைத் துணியில் பிடித்துவைத்தது போலிருக்கும். மிட்டாய்க் கடைகளில் கேவர். மைதா மாவைத் தண்ணீராகக் கரைத்து, கொதிக்கும் நெய்யில் நிற்கும் வளையத்துக்குள் உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். ஊற்ற ஊற்ற நெய் பொங்கி அடங்கும். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் துளைத்துளையாக ஓர் அடுக்கு ஏறும். பிறகு பாகில் தோய்த்து மேலே ரப்ரி வைத்துத் தருவார்கள். தீஜில் பண்டிகைகள் புறப்படும், கண்கௌர் திருவிழாவில் போய் அடங்கும் என்பது அந்த ஊரார் சொல்வழக்கு. கோடையில் முடங்கிக் கிடந்த ஊருக்கு மறுபடி கொண்டாட்டம் வருகிறதென்றால் தீஜ்தான் கதவைத் திறக்கவேண்டும்.

இது நகரம். கிராமத்துக்கு வாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஹரியானாவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். தீஜுக்குச் சில நாள் முன்பு ஓர் இளைஞன் கையில் கனத்த பையோடு அக்காள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அந்தச் சீருக்குக் கோத்லி என்று பெயர். பிரித்துப் பார்த்தால் கேவர், எண்ணெயில் பொரித்த சுஹாலி, சேலை, வளையல். அக்காளுக்கு மட்டுமா? அவள் மாமியாருக்கும் உண்டு. பிறந்த வீடு உன்னை மறந்துவிடவில்லை என்பதை அக்காளுக்குச் சொல்லவேண்டும். இவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்பதைப் புகுந்த வீட்டுக்கும் சொல்லவேண்டும். இரண்டையும் அந்தப் பை சொல்லிவிடுகிறது. முடிந்தால் அக்காளைக் கையோடு அழைத்துக்கொண்டும் போய்விடுவான்.

அவள் பிறந்த ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் நடப்பது என்ன தெரியுமா? தலையிலிருந்து முக்காடு இறங்குகிறது. புகுந்த ஊரில் அவள் மருமகள். மாமனார் எதிரே, கணவனின் அண்ணன் எதிரே, ஊர்ப் பெரியவர் எதிரே முகத்தை மூடிக்கொண்டே நடந்தவள். பிறந்த ஊரில் அவள் மகள். மகளுக்கு முக்காடு கிடையாது. வேப்பமரத்துக் கிளையில் தாம்புக்கயிறு கட்டி, நடுவே பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் அந்தப் பலகையில் எதிரெதிரே ஏறி நிற்கிறார்கள். ஒருத்தி முழங்காலை மடக்கி அழுத்த, மற்றவள் மேலே போகிறாள். இவள் அழுத்த, அவள் மேலே போகிறாள். ஆறே வீச்சில் ஊஞ்சல் கிளை மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. கீழே நிற்கிறவர்கள் பாடுகிறார்கள். மேலே இருக்கிறவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். போன வாரம்வரை குரல் உயர்த்தாமல் பேசிய பெண் அவள். இன்று ஊர் கேட்கச் சிரிக்கிறாள்.

பஞ்சாபில் இதுவே தீயாங். அங்கே சீக்கிய வீட்டுப் பெண்களும் இந்து வீட்டுப் பெண்களும் ஒரே வட்டத்தில் நின்று கித்தா ஆடுவார்கள். ஒருத்தி போலி எனப்படும் பாட்டடி ஒன்றை எடுத்துவிட, மற்றவர்கள் கைதட்டித் திருப்பிப் பாடுவார்கள். மாமியாரும் நாத்தனாரும் அந்தப் போலிகளில் படாத பாடுபடுவார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். தாய் வீட்டுக்குப் போவதில் இத்தனை ஆரவாரம் எதற்கு? நம் ஊரில் நினைத்தால் மகள் பேருந்து ஏறி வந்துவிடுகிறாளே?

விடையை மானுடவியலாளர் இராவதி கார்வே சொல்கிறார். 1953இல் வெளிவந்த அவருடைய இந்திய உறவுமுறை பற்றிய நூல் இன்றும் படிக்கவேண்டிய நூல். வடக்கே பெரும்பாலான சாதிகளில் சொந்த ஊருக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். சொந்தத்துக்குள்ளும் எடுக்கமாட்டார்கள். முன்பின் தெரியாத ஊர், முன்பின் பார்க்காத வீடு. நம் பக்கத்திலோ மாமன் மகன், அத்தை மகன் என்று கட்டிக்கொடுத்தோம். மாமியார் என்று பார்த்தால் சிறுவயதில் தூக்கி வளர்த்த அத்தையாக இருப்பாள். வடக்கத்திப் பெண்ணுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவளுக்குக் கல்யாணம் என்பது ஒரே நாளில் ஊரே மாறிப்போவது. அதனால்தான் தீஜுக்கு அழைத்துப்போக உடன்பிறந்தவன் வரவில்லை என்றால் அவள் உலகமே இருண்டுவிடுகிறது. அண்ணன் வருவானா, வரமாட்டானா என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பதே எத்தனையோ மழைக்காலப் பாட்டுகளின் பொருள்.

மாதமும் பொருந்தி வந்தது. சதுர்மாசம் தொடங்கிவிட்டால் கல்யாண முகூர்த்தம் இல்லை. பாதைகள் சேறாகிப் பயணம் குறையும். மகளை அழைக்க இதைவிட நல்ல நேரம் ஏது?

மனிதப் பெண்ணுக்கு மட்டுமா இந்த ஏக்கம்? தெய்வப் பெண்ணுக்கும் இருக்கிறது. கர்நாடகத்தில், வட மாநிலத்தார் ஹர்தாலிகா நோன்பிருக்கும் அதே திருதியையில், கௌரி ஹப்பா வருகிறது. கௌரி அன்றைக்குத் தாய் வீடு வருகிறாள். மறுநாள் சதுர்த்தியில் பிள்ளையார் வருவது எதற்காம்? அம்மாவைக் கயிலைக்குத் திரும்ப அழைத்துப்போக. கன்னட வீடுகளில் அன்று முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி, தானியம் எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, மகளுக்குப் பாகினம் கொடுத்தனுப்புவார்கள். சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் கன்னடம், தெலுங்கு பேசும் நம் அண்டை வீடுகளில் இதைப் பார்க்கலாம். உலகையே ஆளும் அம்மைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அம்மா வீடு தேவைப்படுகிறது என்று இந்த நாட்டுப் பெண்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். எத்தனை பெரிய முடிவு அது!

அடுத்து, பாட்டு.

கஜரி தீஜ் என்றால் கங்கைக் கரையில் மிர்சாபூரும் காசியும் நினைவுக்கு வரவேண்டும். கஜரி அங்கே பிறந்த மழைப்பாட்டு. பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடிக்கொண்டு பாடுவதும் உண்டு. இரவு முழுவதும் அணி பிரிந்து போட்டிபோட்டுப் பாடுவதும் உண்டு. பாரதேந்து ஹரிச்சந்திரா போன்ற பெரும் எழுத்தாளர்கள் கஜரி எழுதினார்கள். காசியின் கிரிஜா தேவி அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். 1929இல் பிறந்து, 2016இல் பத்மவிபூஷண் பெற்று, 2017இல் மறைந்த அந்த அம்மையார் கஜரி பாடத் தொடங்கினால் கேட்கிறவர்களுக்கு முற்றத்தில் மழை பெய்யும்.

கஜரி எதைப் பாடுகிறது? பிரிவைப் பாடுகிறது. மழை வந்துவிட்டது, போனவன் வரவில்லை. கார்காலம் வந்தும் தலைவன் வராத முல்லைப் பாட்டு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் போஜ்புரி நாட்டில் இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1834இல் மொரீஷியஸுக்கு, 1838இல் கயானாவுக்கு, 1845இல் டிரினிடாடுக்கு, 1873இல் சூரினாமுக்கு, 1879இல் பிஜிக்கு என்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பகுதிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம் மக்கள் அதே வழியில் போனார்கள். அந்தக் கூலிக் கப்பல்களில் ஏறாதவர்கள் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போனார்கள். ஆண்டுக்கு ஆண்டு மழை வந்தது, ஆள் வரவில்லை. அந்த வீடுகளில் தங்கிவிட்ட பெண்களின் பேச்சு எந்த அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது? கப்பலில் ஏறியவனின் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் எழுதிவைத்தார்கள். கரையில் நின்றவளை யார் எழுதினார்கள்? அவளே பாடிவைத்தாள். அவளுக்குக் கஜரியே பதிவேடு.

இனி மூன்றாவது தீஜ். நோன்புத் தீஜ். ஹர்தாலிகா.

இந்த நோன்பின் கதையை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, இது கணவனுக்கு அடங்கி நடக்கச் சொல்லும் கதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இமவானின் மகள் பார்வதி. அவள் மனம் சிவனிடம். ஆனால் நாரதர் வந்து திருமாலுக்குப் பெண் கேட்கிறார். தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. திருமாலே மாப்பிள்ளை! உடனே சம்மதம் சொல்லிவிடுகிறார். மகளைக் கேட்டாரா? கேட்கவில்லை. பார்வதி அழுகிறாள். யாரிடம்? தோழியிடம். தோழி என்ன செய்கிறாள்? அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறாளா? இல்லை. பார்வதியை வீட்டிலிருந்து கிளப்பி, தகப்பன் கண்ணுக்குச் சிக்காத அடர்ந்த காட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அங்கே ஆற்றங்கரையில் பார்வதி மணலைக் குவித்து லிங்கம் பிடிக்கிறாள். உண்ணாமல், உறங்காமல், இரவெல்லாம் விழித்து வழிபடுகிறாள். அது பாத்ரபத வளர்பிறைத் திருதியை. சிவன் தோன்றி வரம் கொடுக்கிறார். தேடி வந்த தகப்பனிடம் மகள் சொல்கிறாள்: சிவனுக்குக் கொடுப்பதாக இருந்தால் வீட்டுக்கு வருகிறேன். தகப்பன் இறங்கிவருகிறார்.

இதுதான் கதை. தகப்பன் பார்த்த வரனை மகள் மறுக்கிறாள். தோழி அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறாள். மகள் தன் கணவனைத் தானே தேர்ந்துகொள்கிறாள். கடைசியில் வளைந்து கொடுப்பவர் தகப்பன். அடக்கமான மனைவியின் நோன்பு என்று உலகம் நினைக்கும் ஒன்றுக்கு அடியில் அடங்காத மகளின் கதை இருக்கிறது!

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தோழியை அடையாளம் தெரியவில்லையா? சங்கப் பாட்டில் தலைவிக்காக வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்கிறவள் அவள்தான். வேறு வழியில்லை என்றால் உடன்போக்குக்கு வழிசெய்து அனுப்புகிறவளும் அவள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். சூரியன் கடகத்தில் இருக்கும் ஆடியில் சந்திரன் பூரத்துக்கு வரும்போது திதி திருதியையை ஒட்டியே இருக்கும். அதனால் நம் ஆடிப்பூரமும் அவர்களின் ஹரியாலி தீஜும் பெரும்பாலான ஆண்டுகளில் அடுத்தடுத்து வரும். 2024இல் இரண்டும் ஆகஸ்ட் 7 அன்று ஒரே நாளில் வந்தன. அங்கே பச்சைக் கண்ணாடி வளையல், இங்கே அம்மனுக்கு வளைகாப்பு. அங்கே சிவனையே வரித்த பார்வதி, இங்கே மானிடவர்க்கு வாழ்க்கைப்பட மறுத்து அரங்கனையே வரித்த ஆண்டாள். யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டதாக நான் சொல்லவரவில்லை. மழை மாதத்தில் பெண்கள் யாரை நினைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள் என்கிறேன். தான் விரும்பியதைத் தானே சொன்ன பெண்களை நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குரல் மிக ஓங்கிக் கேட்பது நேபாளத்தில். வாருங்கள், காட்மண்டுவுக்குப் போவோம்.

நேபாளத்தில் ஹர்தாலிகாதான் பெரிய தீஜ். முந்தின நாள் இரவு விருந்துக்குத் தர் என்று பெயர். பிறந்த வீட்டார் மகளை அழைத்துவந்து இறைச்சியும் பாயசமும் நெய் ஒழுகும் பலகாரமும் நள்ளிரவுவரை ஊட்டுகிறார்கள். மறுநாள் நோன்பு. சிவப்புச் சேலையும் கழுத்தில் போத்தே மணிச்சரமுமாக, பசுபதிநாதர் கோயிலுக்குப் பெண்கள் வெள்ளமாய்ப் போகிறார்கள். அரசு பெண்களுக்கு அன்று விடுமுறை தருகிறது. வரிசையில் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். பசி, தாகம், தலைக்குமேல் பாத்ரபத வெயில். ஆனால் வரிசையிலேயே ஆடுகிறார்கள். கோயில் முற்றத்திலும் ஆடுகிறார்கள். தண்ணீர் குடிக்காதவளுக்கு ஆட எங்கிருந்து தெம்பு வருகிறது என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் மயக்கம் வரும்.

பாட்டைக் கேளுங்கள். தீஜுக்குப் பல நாள் முன்பே கிராமத்துப் பெண்கள் கூடிப் புதுப் பாட்டுக் கட்டுகிறார்கள். டெப்ரா ஸ்கின்னர், டொரதி ஹாலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நேபாளத்து ஜி. பி. அதிகாரியோடு சேர்ந்து, ஒரு மலைக் கிராமத்துத் தீஜ் பாட்டுகளைத் திரட்டி 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாடுகிறவர்களே தங்கள் பாட்டுகளை வகை பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு வகை துக்கப் பாட்டு. மாமியார் கொடுமை, குடிகாரக் கணவன், இரண்டாம் தாரம், பையனைப் பள்ளிக்கு அனுப்பி என்னைப் புல் அறுக்க அனுப்பினாயே என்று பெற்றவரையே கேட்கும் கேள்வி. அண்ணனுக்கு நிலம், எனக்கு அடுத்தவன் முற்றமா என்ற கேள்வி. இன்னொரு வகை அரசியல் பாட்டு. 1990 மக்கள் இயக்கம் கட்சிகளுக்கு இடமில்லாத பஞ்சாயத்து ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த பிறகு தீஜ் வட்டத்தில் கட்சிகளும் ஊழலும் பெண் உரிமையும் பாட்டாயின.

இதில் சூட்சுமம் என்னவென்றால், இந்தப் பாட்டைக் கேட்பவர்கள் யார் என்பது. வட்டத்தைச் சுற்றி நிற்பவர்களில் தகப்பன் இருக்கிறான், அண்ணன் இருக்கிறான், ஊர்ப் பெரியவர் இருக்கிறார். வேறொரு நாளில் இதையே பேச்சாகச் சொன்னால் அவள் வாயாடி. தீஜ் அன்று பாட்டாகச் சொன்னால் அது மரபு. யாரும் அடக்கமுடியாது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறாள்.

சபையோரே, ஒரு திருவிழாவின் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது வியாபாரம். இதன் இருட்டையும் சொல்லவேண்டும்.

மனைவிக்காகக் கணவன் நோன்பிருக்கும் திருதியை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஹர்தாலிகா கதையை வாசித்து முடிக்கும் இடத்தில், அன்று உண்டவளுக்கு இன்ன இழிபிறவி என்று மிரட்டும் பகுதியும் இருக்கிறது. கதையில் விடுதலை, கதை முடிவில் மிரட்டல்! கருவுற்றவரும் சர்க்கரை நோயாளியும் அந்த மிரட்டலுக்கு அஞ்சித் தண்ணீரைத் தள்ளிவைக்கிறார்கள். அடுத்து, தீஜுக்கு இரண்டு நாள் கழித்து நேபாளத்தில் ரிஷி பஞ்சமி. பெண்கள் ஆற்றங்கரையில் 365 நாயுருவிக் குச்சிகளால் பல் துலக்கி, செம்மண் பூசிக் குளித்து, மாதவிலக்கின்போது தெரியாமல் செய்த தீட்டுப் பிழைக்குப் பரிகாரம் தேடுகிறார்கள். இயற்கை கொடுத்ததற்கு எதற்காகப் பரிகாரம்? விலக்கான பெண்ணைக் குடிசையில் ஒதுக்கும் சௌபடி வழக்கத்தை நேபாள உச்ச நீதிமன்றம் 2005இல் தடைசெய்தது. 2017இல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் வந்தது. குடிசையைச் சட்டத்தால் இடிக்கலாம். மனத்தில் உள்ள தீட்டை எதைக்கொண்டு இடிப்பது?

இன்னொரு கேள்வி, கணவனை இழந்தவளைப் பற்றியது. அவளுக்குத் தீஜ் இல்லை. சிவப்பு இல்லை. வளையல் இல்லை. நேபாளத்தில் 1996 முதல் 2006வரை உள்நாட்டுப் போர். இருபது வயதில் கணவனை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கணவரை இழந்த லில்லி தாபா 1994இல் தொடங்கிய அமைப்பு இவர்களைத் திரட்டியது. நாங்களும் சிவப்பு உடுத்துவோம் என்று அவர்கள் இயக்கம் நடத்தினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சேலையின் நிறம். உள்ளே பார்த்தால், என் வாழ்வின் நிறத்தை இன்னொருவரின் சாவு தீர்மானிக்கக் கூடாது என்ற வழக்கு. அதை அவர்கள் எந்த நீதிமன்றத்தில் தொடுத்தார்கள்? தெருவில் தொடுத்தார்கள், உடுத்திக் காட்டியே வாதாடினார்கள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன்.

தீஜ் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறது? ஒரு தாய் வீடு, ஓர் ஊஞ்சல், ஒரு பாட்டு, சுற்றி நின்று கேட்கச் சில காதுகள். இது சின்ன விஷயமில்லை. ஆனால் போதுமா? பாட்டு முடிகிறது, கேவர் தீர்கிறது, அண்ணன் அவளைப் பழையபடி கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். ஆண்டுக்கு ஒருநாள் அழவிட்டு மீதி நாளெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்குத் திருவிழாவும் ஓர் உபாயமாகிவிடலாம். ஆண்டாண்டுகளாகப் பாடினார்கள், என்ன மாறியது என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டு சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணனுக்கு நிலம், எனக்கு என்ன என்று தீஜ் வட்டத்தில் கேட்ட அந்த நாட்டில், 2015ஆம் ஆண்டு அரசியல் சாசனம் மூதாதையர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை என்று எழுதியிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும் அந்த உரிமை வந்தது. கேள்வி முதலில் வாயில் பிறக்கவேண்டும். பிறகுதான் ஏட்டில் ஏறும்.

ஏட்டில் ஏறியது வீட்டில் இறங்கிவிட்டதா? ஆடிச் சீர் வைக்கும் தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் கேட்கிறேன். தட்டு எத்தனை, பவுன் எத்தனை என்று எண்ணிவைக்கிறோம். சொத்தில் அவள் பங்கைப் பேசினால் மட்டும், சீர்தான் செய்கிறோமே என்கிறோம். சீரும் பங்கும் ஒன்றா? கோத்லிப் பையில் கேவர் போகும், நிலம் போகாது. வடக்கிலும் அதே கதை, இங்கும் அதே கதை.

அதனால் இந்த ஆடிக்கு வீடு வந்திருக்கும் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அங்கே எப்படி இருக்கிறாய்? அவள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் இன்னொரு முறை கேளுங்கள். அவள் வாய் திறந்தால், அனுசரித்துப் போ என்ற நம் பழைய பல்லவியைப் பாடாதீர்கள். ஹர்தாலிகாக் கதையில் பார்வதி அழுதபோது அவளைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். அழுகையைக் கேட்டு எழுந்து நின்றவள் ஒருத்திதான். கேட்டதோடு விடாமல் வழியும் செய்தாள். மாணவியரே, நாளைக்கு உங்களில் ஒருத்தி அழுதால் மற்றவள் அந்தத் தோழியாக இருங்கள். பெற்றோரே, அந்தத் தோழிக்கு வேலையே வைக்காமல் நீங்களே மகள் பக்கம் நின்றுவிடுங்கள். இமவான்கூடக் கடைசியில்தான் இறங்கிவந்தார். நாம் முதலிலேயே இறங்கிவரலாம். அதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது, மலையரசனுக்கே குறையவில்லை!